ஓநாய்ப்பழ நிறத்தில் ஒரு முகூர்த்தப் பட்டு

ஆரணி,
கார்த்திகை இருபது.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி சந்திரமோகன் அவர்கள் சமூகத்திற்கு, பரசுராமன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி உண்ணாமலையும் தறியும் நலம். என் வலது கண் மிக மிக நலம். இடது கண் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. வேலூரில் தாங்களும், தங்கள் துணைவியார் சுபத்ரா அம்மாளும், தங்கள் இளைய மகளான மணப்பெண் தேவிப்ரியாவும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். பெங்களூரில் என் மகன் கிரணும், தங்கள் மூத்த மகளும் எங்கள் மருமகளுமான சுபலட்சுமியும் நலமென்று நேற்றுதான் போன் வந்தது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். காரணம் இரண்டு. ஒன்று, நன்றி என்பதைப் போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடித்து அந்த மரியாதையே போய்விடுகிறது. இரண்டாவது, நன்றியோடு சேர்த்து ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் போனில் சொன்னால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் பேச முடியாது. ஆகவே கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்துவிட்டு, அப்புறம் கோபப்படும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நானே, என் கண்ணாலேயே பார்த்து எழுதுகிறேன் என்பதையும் கவனிக்கவும். வரி கோணாமல் போகிறது பாருங்கள்!

ஆவணி மாதம் தாங்கள் சிங்கப்பூர் போய்வந்த கையோடு, தேவிப்ரியாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அவளுடைய முகூர்த்தப் பட்டை என் கையால்தான் நெய்து தரவேண்டும், அதுவும் அரக்கு நிறத்தில்தான் வேண்டும், தங்கள் தாயாரும் அத்தைமாரும் சுபத்ரா அம்மாளும் எல்லாரும் அந்த அடர்ந்த சிவப்பில்தான் மணையில் உட்கார்ந்தார்கள், அதில் ஒரு மாற்றும் கிடையாது என்று மேசையைத் தட்டிச் சொன்னீர்கள். அப்புறம் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தீர்கள். சீன எழுத்து, உள்ளே காய்ந்த திராட்சை மாதிரி சிவப்பாகச் சின்னச் சின்னப் பழம். கோஜி என்று பேர். சீன வைத்தியத்தில் ஆயிரக்கணக்கான வருஷமாக இருக்கிறது, கஞ்சியில் போடுகிறார்கள், சூப்பில் போடுகிறார்கள், கல்லீரலுக்கு நல்லது, சிறுநீரகத்துக்கு நல்லது, தூக்கம் வரும், வயசு குறையும், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்கு நல்லது, தினம் இருபது பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரோடு சாப்பிடணும் என்றீர்கள். ஏதோ ஒரு சீனாக்காரர் இதைத் தின்று இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்ததாகவும் சொன்னீர்கள். அவர் பெண்டாட்டி என்ன பாடுபட்டிருப்பாள் என்று உண்ணாமலை கேட்டாள். தாங்கள் சிரித்தீர்கள். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நெசவு செய்யறவருக்குக் கண்ணுதானே எல்லாம் சம்பந்தி" என்றீர்கள்.

நான் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். ஏனென்றால் சம்பந்தி, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஒரு வருஷத்துக்கு மேலாகவே என் கண்ணு சரியில்லை. இழை அறுந்தால் விரலால் தடவிப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுவேன். டிசைன் அட்டையை உண்ணாமலையிடம் கொடுத்து, "நீ படி, எனக்குக் கை வேலையா இருக்கு" என்பேன். தெருவில் யாராவது கை தூக்கினால், யாரென்று தெரியாமலே நானும் தூக்கிவிடுவேன். ஒருமுறை கொடிக்கயிற்றில் காய்ந்த சட்டைக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடம் போனால் தறியில் உட்காராதே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். தறியில் உட்காரலைன்னா நான் யாரு? கிரண் வந்து பெங்களூருக்கு இஸ்துகினு போய், பன்னிரண்டாம் மாடி பால்கனியில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சேர் போட்டு உட்கார வெச்சிடுவான். பாசமாத்தான் வெப்பான். அதுதான் எனக்கு இன்னும் பயம். அந்த நேரத்தில் நீங்க பழத்தைக் கொடுத்தீங்க. சாமியே பாக்கெட் போட்டு அனுப்பின மாதிரி இருந்துச்சு எனக்கு.

முதல் நாளே பேஜார். பாக்கெட்டுக்குப் பின்னால் இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று உண்ணாமலை கிரணுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்தப் பையன் சும்மா இருக்காமல், "இதுக்கு இன்னொரு பேரு ஓநாய்ப்பழம்மா" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். புரட்டாசி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. எதிர்வீட்டுக் கற்பகம், உங்களுக்குத் தெரியும், சுபலட்சுமி கல்யாணத்தில் மைக்கே இல்லாமல் எல்லாரையும் பந்திக்குக் கூப்பிட்டாளே அவள்தான், வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்: "ஏன்கா, ஓநாய் துன்னுட்டு மிச்சம் வெச்சதா இது?" உண்ணாமலைக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஓநாய் சைவமா அசைவமா என்று தெரியாமல் பாக்கெட்டைச் சமையலறையில் வைக்கமாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் அதற்கு இடம் கிடைத்தது தறிக் கூடத்தில், நூல் சுற்றும் ராட்டைக்குப் பக்கத்தில்.

ஊறவைத்துச் சாப்பிட்டேன். ருசி என்றால், தக்காளிக்கும் திராட்சைக்கும் சண்டை வந்து இரண்டுமே தோற்றுப்போன மாதிரி இருந்தது. தித்திப்பு ஆரம்பித்து, பாதியில் மனசு மாறி, கசப்பில் போய் நிற்கும். ஆனாலும் விடவில்லை. வேலைக்கு நடுவிலும் நாலு தின்னலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தறிக்குழியில் இறங்கினேன். எறும்பு வந்திருக்கு சம்பந்தி. சும்மா எறும்பில்லை, கட்டெறும்பு. கால் ரெண்டும் குழியில மிதிபலகை மேல, கை ரெண்டும் மேல, நடுவுல எறும்பு ஊர்வலம். நான் போட்ட கூச்சலில் கற்பகம் ஓடி வந்து, "இன்னா ஆச்சு அண்ணே, ஷாக்கா?" என்று மெயினை அணைத்துவிட்டாள். தெருவில் ஏற்கெனவே கரண்டு போயிருந்தது, அது வேறு விஷயம்.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். மனசைத் திடப்படுத்திக்கொள்ளவும்.

தேவிப்ரியாவின் சேலைக்கு வெள்ளைப் பட்டு வாங்கி, சாயத்துக்குக் கொடுக்கும் நாள் வந்தது. எங்கள் சாயக்காரர் அருணாச்சலம் முப்பது வருஷப் பழக்கம், கைதேர்ந்த ஆள். எனக்கு அன்று முட்டி வலி என்பதால் உண்ணாமலையிடம் பட்டு நூலையும், 'அரக்கு' என்று எழுதின சீட்டையும் கொடுத்து அனுப்பினேன். அவள் போகிற போக்கில், அருணாச்சலத்தின் வீட்டம்மாவும் தின்று பார்க்கட்டும் என்று ஒரு பொட்டலத்தில் இந்தப் பழத்தையும் மடித்து எடுத்துப் போயிருக்கிறாள். அங்கேதான் தப்பு நடந்தது. ஆரணியில் சாயக்காரர் கையில் எதைக் கொடுத்தாலும் அது சாம்பிள்தான். இந்தக் காலத்துக் கல்யாணப் பெண்கள் யார் சீட்டு எழுதுகிறார்கள்? ஒருத்தி கத்திரிக்காயைக் கொண்டுவந்து இந்தக் கலர் என்கிறாள். ஒருத்தி நெயில் பாலிஷ் சீசாவைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். போன மாதம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் கிளியையே கூண்டோடு கொண்டுவந்து வைத்தார்களாம். ஆகவே அருணாச்சலம் பொட்டலத்தைப் பிரித்தார், பழத்தைப் பார்த்தார், வெயிலில் தூக்கிப் பிடித்தார், அச்சு அசலாக அதே நிறத்தைக் காய்ச்சிப் போட்டுவிட்டார். அரக்கு இல்லை சம்பந்தி. ஓநாய்ப்பழம்! நீளவாட்டுப் பாவுக்கும் அதுவே, குறுக்கே ஓடும் ஊடைக்கும் அதுவே.

சரி, அதுவாவது அவர் தப்பு. என் தப்பு என்னவென்று கேட்டால், எனக்கு அது தெரியலை.

நூல் வீட்டுக்கு வந்தது. நான் பார்த்தேன். அரக்குதான் தெரிந்தது. பாவு போட்டேன், அரக்கு. இழை பிணைத்தேன், அரக்கு. நெய்ய ஆரம்பித்த மூன்றாம் நாள் அந்த நிறம் கொஞ்சம் பளிச்சென்று தெரிவது போல இருந்தது. வழக்கமா அரக்கு எனக்குக் கறுப்பாத்தான் தெரியும், இது உயிரோட தெரியுதேன்னு மனசு குதிச்சிது. பழம் வேலை செய்யுதுன்னு முடிவே பண்ணிட்டேன். உடனே உங்களுக்குப் போன் பண்ணி, "சம்பந்தி, உங்க பழத்தால என் கண்ணு திறந்துகினு வருது, அரக்கு நெருப்பா எரியுது" என்றேன் இல்லையா? தாங்களும் சந்தோஷப்பட்டு, என் போட்டோவைப் போட்டு, 'ஆரணி நெசவாளியின் அனுபவம்' என்று உங்கள் ஓய்வூதியர் குரூப்பில் அனுப்பினீர்களே. நூற்றுப் பத்து பேர் கைகூப்பி பொம்மை போட்டதாகச் சொன்னீர்கள். அந்த நூற்றுப் பத்து பேரிடமும் என் சார்பில் தாங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடவும்.

பன்னிரண்டாம் நாள். சேலையின் உடல் முடிந்து முந்தானை ஓடிக்கொண்டிருந்தது. கற்பகம் உள்ளே வந்தாள். தறியைப் பார்த்தாள். "ஏன் அண்ணே, வேலூர்க்காரரு அரக்குதானே கேட்டாரு? நீங்க இன்னா தக்காளி கலர்ல நெய்ஞ்சுகினு கீறீங்க?" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "கண்ணு தெரியுதா உனக்கு?" என்று கத்தினேன். அவள் உண்ணாமலை பக்கம் திரும்பினாள்.  நானும் உண்ணாமலையைப் பார்த்தேன். "அரக்குதானேம்மா?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊடை நூல் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். சைக்கிளில் போன தபால்காரரை நிறுத்தி, "இது இன்னா கலருங்க?" என்றேன். "ஏன், ஆரஞ்சுச் சிவப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

நேராக அருணாச்சலத்தின் சாயப்பட்டறைக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடினேன். முப்பது வருஷ சிநேகிதத்தைத் தூக்கி அவர் காய்ச்சுகிற அண்டாவில் போட்டேன். "சீட்டுல அரக்குன்னு எழுதியிருக்கே, உனக்குப் படிக்கத் தெரியாதா, ஒரு பொண்ணோட முகூர்த்தத்தையே கெடுத்துட்டியே" என்று என்னென்னமோ பேசினேன். அந்த மனுஷன் அடுப்பைத் தணித்தார். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து என் முகத்தை வெயில் பக்கம் திருப்பி, "பரசு, சாயம் தப்புன்னே வெச்சுக்கோ. பன்னெண்டு நாளு அது மேலயே குந்திகினு நெய்ஞ்சியே, உனக்கு ஏன் தெரியலை?" என்று கேட்டார். நான் அங்கேயே சாக்கு மேல உட்கார்ந்துட்டேன். உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? அழுதேன்.

அடுத்த நாள் உண்ணாமலை என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஜல்தியாக இழுத்துப் போனாள். சின்னப் பெண், டாக்டரம்மா. விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது, ஆபரேஷன் பண்ணணும் என்றார். நான் விடுவேனா? பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்து, சீனாவில் ஆயிரக்கணக்கான வருஷம், கல்லீரல், சிறுநீரகம், இருநூறு வருஷத்து ஆள் என்று தாங்கள் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார். "நல்ல பழம்தான்யா. கண்ணுக்கு வேண்டிய சத்து இதுல இருக்குன்னு ஆராய்ச்சி பண்றாங்க. பிடிச்சா சாப்பிடுங்க. ஆனா வந்துட்ட புரையை எந்தப் பழமும் கரைக்காது. ஜன்னல் கண்ணாடியில அழுக்கு படிஞ்சா வீட்டுக்காரருக்கு ஹார்லிக்ஸ் குடுத்து என்ன பிரயோஜனம்?" என்றார். அப்புறம் சட்டென்று, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா? அதோட இது ஒத்துக்காது" என்று கேட்டார். நான் பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். தங்கள் குரூப்பில் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இருந்தால் இதைத் தெரியப்படுத்துவது நல்லது. "தறியில உட்காரலாமா?" என்று பயந்துகொண்டே கேட்டேன். "ஒரு மாசம் பொறுங்க. அப்பறம் உங்க இஷ்டம், நூறு வயசு வரைக்கும் நெய்யுங்க" என்றார். அந்தப் பொண்ணு நல்லாருக்கணும் சம்பந்தி. அது வீட்டுக் கல்யாணத்துக்கு நான் சேலை நெய்வேன்.

வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. கட்டு அவிழ்த்தார்கள். ஐயோ, எவ்வளவு வெளிச்சம் இந்த உலகத்தில்! வீட்டுக்கு வந்து பார்த்தால் நான் வெள்ளை என்று நினைத்திருந்த சுவர் வெளிர்ப் பச்சை. தீபாவளிக்கு வாங்கினது என்று போட்டுக்கொண்டிருந்த சட்டை முழுக்க மஞ்சள் கறை. கண்ணாடியில் ஒரு கிழவன். நேராகத் தறிக்குப் போய்ச் சேலையைப் பார்த்தேன். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால் அரக்கு. இடதை மூடி வலதால் பார்த்தால் ஓநாய்ப்பழம். மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரெண்டும் என் கண்ணுதான், எதை நம்புவது? உண்ணாமலை வந்து, "இப்படிக் கண்ணடிச்சிகினே நின்னா தெருவுல இன்னா நினைப்பாங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள்.

ஆகவே சம்பந்தி, தாங்கள் கேட்டது அரக்கு, என் தறியில் முடிந்திருப்பது ஓநாய்ப்பழம். நெசவில் ஒரு இழை பழுதில்லை, அதற்கு நான் சத்தியம் செய்வேன், கை தடவியே நெய்ததால் வழக்கத்தைவிட நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் நிறம் தப்பு தப்புதான். தேவிப்ரியா போட்டோவைப் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கு இதே போதும், ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். தங்கமான பெண், என் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறாள். அவள் பெருந்தன்மையை நான் சாதகமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். டாக்டரம்மா சொன்ன ஒரு மாசம் ஆகவில்லை என்று உண்ணாமலை இங்கே என்னைத் தறியில் இறங்க விடமாட்டாள்; பக்கத்தில் முள்ளிப்பட்டில் என் மைத்துனன் வீட்டுத் தறி சும்மா இருக்கிறது. தை பதினாறு முகூர்த்தத்துக்குள் அங்கே போய் உட்கார்ந்து, தங்கள் தாயார் பார்த்தால் மெச்சுகிற மாதிரி அரக்கில் வேறொரு சேலை நெய்து தருகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் பாவு போட்டுவிடுவேன்.

எது எப்படியானாலும் தங்களுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்க முடியாது. தாங்கள் அந்தப் பழத்தைக் கொடுக்காமலிருந்தால் அது சாயக்காரர் கைக்குப் போயிருக்காது, நிறம் மாறியிருக்காது, என் கண் விஷயமும் வெளிவந்திருக்காது, நான் தடவிக்கொண்டே இருந்து ஒருநாள் முழுக் குருடனாகியிருப்பேன். சுற்றி வளைத்தாலும் என் கண்ணைத் திறந்தது தங்கள் கைதான்.  கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். இடது கண்ணுக்கு டாக்டரம்மா நாள் குறிக்கிறேன் என்கிறார். வலது கண்தான் இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே, இடதுக்கு அவசரமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தாங்கள் இன்னொரு பாக்கெட் கோஜி தருவித்து அனுப்பினால் அதை வைத்தே மெல்லச் சரிபண்ணிக்கொள்ளலாம். இம்முறை சாயப்பட்டறைப் பக்கமே கொண்டுபோக மாட்டோம்.

சுபத்ரா அம்மாளுக்கு எங்கள் வணக்கம். தேவிப்ரியாவுக்கு, பட்டும் பொன்னும் பிள்ளையும் பெருகி, கண்ணுக்குக் கண்ணான கணவனோடு நூறாண்டு வாழ ஆசீர்வாதம். கவரை ஒட்டி அனுப்பச் சொல்லி உண்ணாமலையிடம் கொடுக்கிறேன். அவளும் தன் பங்குக்கு விசாரித்து இரண்டு வரி எழுதுவாள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நன்றி மறவாத,
பரசுராமன்.

பின்குறிப்பு: அண்ணா, நான் உண்ணாமலை எழுதறேன். அவரு மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு. படிச்சதும் இந்தத் தாளைக் கிழிச்சிடுங்க.

அருணாச்சலம் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லை. பழத்தை நான்தான் சாம்பிள்னு சொல்லிக் குடுத்தேன். நீங்க அன்னிக்கு வந்தப்போ தட்டுல பழத்தைக் கொட்டினோமே, அதைப் பார்த்துட்டு தேவிப்ரியா சமையலறையில என் கையைப் புடிச்சிகினு, "அத்தை, எனக்கு அரக்கே புடிக்கலை, இந்தக் கலர்ல கெடைச்சா எவ்ளோ நல்லாருக்கும், அப்பாகிட்ட சொல்ல பயமா இருக்கு"ன்னுச்சு. கல்யாணப் பொண்ணு கண்ணு கலங்கி நிக்குது, நான் இன்னா செய்ய? நூலு வூட்டுக்கு வந்ததும் இவரு பார்த்துட்டுக் கத்துவாரு, அப்ப விஷயத்தைச் சொல்லி சமாதானம் பண்ணிக்கலாம்னு இருந்தேன்.

இவரு கத்தலை அண்ணா. மூணாம் நாளு என்னைக் கூப்பிட்டு, "பாரு உண்ணாமலை, அரக்குன்னா இது அரக்கு"ன்னாரு. நான் ஆமாங்கன்னு சொல்லிட்டு, கொல்லையில போய் வாயைப் பொத்திகினு அழுதேன். டாக்டர்கிட்ட போலாம்னு அதுக்கு முன்ன எத்தினி வாட்டி கூப்பிட்டிருப்பேன்! சம்பந்தி பழம் குடுத்திருக்காரு, அதுவே போதும்னு சொல்லிச் சொல்லியே தள்ளிப் போட்டாரு. கலரு தப்புன்னு என் வாயால சொல்ல வரலை. அதான் கற்பகத்தை அனுப்பினேன். அருணாச்சலம் அண்ணனும் நான் கெஞ்சினதுக்காகத்தான் அவ்ளோ திட்டையும் வாங்கிகினு நின்னாரு.

அதனால மூணு விஷயம். பொண்ணைத் திட்டாதீங்க. அரக்கு வேணாம், இதுவே நல்லாருக்குன்னு நீங்களே சொல்ற மாதிரி அவருக்கு எழுதுங்க, இல்லேன்னா முள்ளிப்பட்டுக்குக் கிளம்பிடுவாரு. பழம் மட்டும் அனுப்பாதீங்க அண்ணா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். அந்தப் பழம் இருந்தா இடது கண்ணுக்கு இந்த ஜென்மத்துல ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாரு. அதுக்குப் பதிலா வர்ற திங்கக்கெழம நீங்களே கார் எடுத்துகினு வந்து அவரைக் கூட்டிகினு போங்க. நீங்க சொன்னா கேப்பாரு.

கட்டு அவுத்த அன்னிக்கு என்னைப் பார்த்து, "ஏன் உண்ணாமலை, எப்போ இப்படி இளைச்சுப் போன?"ன்னு கேட்டாரு. இளைச்சு ரெண்டு வருஷம் ஆவுது.